கல்யாணப் பத்திரிகைச் செலவு: எங்கே குறைக்கலாம், எங்கே குறைத்தால் வம்பு?

#1 ஐப்பசி_முகூர்த்தம்

வணக்கம். ஐப்பசியில் கல்யாணம், மதுரையில். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 600 பத்திரிகை என்று கணக்கு. மூன்று கடையில் விலை கேட்டதில் ஒன்றுக்கு 14, 22, 38 ரூபாய் என்கிறார்கள். பார்க்க மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஏன் இவ்வளவு வித்தியாசம்? பார்ப்பவர் முகம் சுளிக்காத மாதிரியும் இருக்க வேண்டும், செலவும் குறைய வேண்டும். தாம்பூலப் பை, வாசல் போர்டு, ஸ்டிக்கர் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 டெமி_ஷீட்

"ஒன்றுக்கு எவ்வளவு" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் ஒவ்வொரு விதமாகத்தான் சொல்வார்கள். 14 என்றவர் பெரும்பாலும் வெறும் கார்டு விலையைச் சொல்லியிருப்பார். மேட்டர் (அழைப்பு வாசகம்) அடிக்கும் கூலி தனி, கவர் தனி, ஜிஎஸ்டி தனி. 38 என்றவர் எல்லாம் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு தாளில் இப்படிப் பிரித்து எழுதி வாங்குங்கள்: கார்டு, கவர், உள்தாள் எத்தனை, மேட்டர் அச்சு எத்தனை கலர், எத்தனை பக்கம், டிசைன் கூலி, மடிப்பு, வரி. அப்புறம் ஒப்பிட்டால் 14-ம் 22-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

அடுத்தது அளவு. இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். பிரஸ்ஸில் டெமி ஷீட் என்பது 18 × 23 அங்குலம். முடிந்த கார்டு 8½ × 5½ என்று வைத்துக்கொண்டு, சுற்றிலும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் விட்டால், ஒரு டெமியில் சரியாக 8 கார்டு உட்காரும். மெஷின் தாளைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்பருக்கும் அரை அங்குலம் மிஞ்சும். அதையே "கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்று 9 × 6 ஆக்கினால், எல்லாக் கார்டையும் ஒரே திசையில் வைக்கும்போது அதே ஷீட்டில் 4 தான் வரும். அரை அங்குல ஆசைக்குத் தாள் செலவு இரட்டிப்பு. டபுள் டெமியில், அதாவது 23 × 36-இல், ஓட்டினால் 16-க்குப் பதில் 10 கிடைக்கும். அப்போதும் நஷ்டம்தான்.

டிசைன் போடுவதற்கு முன்னால் "உங்க மெஷினில் எந்த ஷீட் ஓடும், அதில் எந்த சைஸ் வீணாகாம விழும்" என்று கேளுங்கள். சதுரக் கார்டு கேட்டால் பெரும்பாலும் ஓரத்தில் ஒரு பட்டை வெட்டிக் குப்பைக்குப் போகும். கவரும் ரெடிமேடாகக் கிடைக்காது, தனியாக வெட்டி ஒட்டச் சொல்ல வேண்டும்.

#3 கணக்குப்பிள்ளை

600 என்பது ஆளா, வீடா? முதலில் அதைத் தெளிவாக்குங்கள். பத்திரிகை வீட்டுக்கு ஒன்று. ஒரே கூட்டுக் குடும்பத்தில் மூன்று அண்ணன் தம்பி தனி அடுப்பு என்றால் மூன்று. அப்பா அம்மாவோடு இருக்கும் கல்யாணமாகாத பையனுக்குத் தனியாக வேண்டாம், அவன் நண்பன் என்ற முறையில் வந்தால் வாட்ஸ்அப் போதும்.

ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: நேரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது, நேரில் கொடுத்தால் போதும் என்பது, தபால், வாட்ஸ்அப். பெயர் எழுதும்போதே டிக் அடித்துவிட வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சொந்தம் இரண்டு பட்டியலிலும் வரும், அதைத் தேடி அடியுங்கள். இந்த வேலையைச் செய்தால் 600 என்று சொன்னது 400 பக்கத்தில் வந்து நிற்பது சாதாரணம்.

அதற்கு மேல் 30 சேர்த்துப் போடுங்கள். குலதெய்வம், பிள்ளையார் கோவில், திருப்பதி, ஆபீஸ் லீவு, கல்யாணப் பதிவு என்று 10 அதிலேயே போய்விடும். கடைசி நேரத்தில் 25 பத்திரிகை மறுபடி அடிப்பது கொடுமை. பிளேட் (அச்சுத் தகடு), செட்டிங் எல்லாம் முதலிலிருந்து, 25-க்கு 500-இன் கூலி.

#4 ஐப்பசி_முகூர்த்தம்

வீட்டுக் கணக்கில் பார்த்தேன், 430 வருகிறது! கல்யாணப் பதிவுக்குப் பத்திரிகை கட்டாயமா?

#5 கணக்குப்பிள்ளை

தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாக் கல்யாணமும் பதிய வேண்டும். 90 நாளுக்குள் பதியலாம், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாகப் பத்திரிகையைக் கேட்பார்கள். "எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே முடிச்சுடலாம்" என்பவர்கள்கூடக் கொஞ்சம் அச்சடித்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் கூப்பிடும் பெயரைப் பத்திரிகையில் போட்டு, ஆதாரில் வேறு பெயர் இருந்தால் கேள்வி வரும். ஆதாரிலும் சான்றிதழிலும் உள்ள அதே எழுத்து, அதே இனிஷியல் பத்திரிகையில் இருக்கட்டும். செல்லப் பெயர் போட ஆசை என்றால் 'என்கிற' சேர்த்துப் பக்கத்தில் போடுங்கள்.

#6 ஸ்கிரீன்_சட்டம்

டெமி ஷீட் அண்ணன் சொன்னது சொந்தமா டிசைன் பண்ணி, பிளேட் போட்டு ஓட்டுற ஆஃப்செட்டில் அடிக்கிறவங்களுக்கு. முக்காவாசிப் பேர் வாங்குறது ரெடிமேட் கார்டு. சிவகாசியில் ஆயிரக்கணக்கில் பூவேலை, பிள்ளையார், கோல்டு ஃபாயில் எல்லாம் மொத்தமா ஓட்டி, மேட்டர் இடம் காலியா விட்டு அனுப்புவாங்க. உள்ளூர்க் கடை அதில் மேட்டரை மட்டும் ஒரு கலரில் அடிச்சுத் தரும். சென்னைன்னா பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இந்தக் கார்டும் தாளும் மொத்தமாக் கிடைக்கும்.

ஃபாயில் வேணும்னா ரெடிமேட் கார்டுதான் லாபம். ஏன்னா தனியா ஃபாயில் போட பிளாக் (உலோக அச்சு) செய்யணும், அதுக்குச் சதுர அங்குலக் கணக்கு. அப்புறம் கார்டை ஒவ்வொண்ணா மெஷினில் வச்சு எடுக்கணும். 430 கார்டுன்னா 430 அடி. கவர்லயும் ஃபாயில்னா 860 அடி. கூலி அங்கதான் ஏறுது. சிவகாசிக்காரங்களுக்கு அது பல்லாயிரம் கார்டில் பங்கு போயிடும்.

தனியா அடிச்சே தீரணும்னா பிள்ளையாரை மட்டும் 1½ அங்குலத்தில் ஃபாயில் போடுங்க, ஓரம் முழுக்க பார்டர் வேண்டாம். பார்டர் ஃபாயில் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிப்பா, இன்னொரு பக்கம் வெட்டுல போயிடும். கழிவு அதிகம்.

ரெடிமேட்ல குறைக்கிற இடம் உள்தாள். ரெண்டு உள்தாள் வரும்: ஒண்ணு முகூர்த்தம், ஒண்ணு வரவேற்பு. ரெண்டையும் ஒரே தாள்ல இடம் வலம் போட்டா ஒரு அச்சுக் கூலி மிச்சம். அட்டையோட உள்பக்கத்துலயே மேட்டர் அடிச்சா உள்தாளே வேண்டாம். ஆனா அட்டை டார்க் கலர்னா எழுத்து தெரியாது, வெளுப்பான பக்கமா பார்த்து எடுங்க.

இன்னொண்ணு, பழைய நம்பர் கார்டு. ஆல்பத்துல இல்லாம குடோன்ல மிச்சம் கிடக்கும், நல்லாக் குறைச்சுத் தருவாங்க. எடுக்கிறப்ப மொத்தத்தையும் எண்ணி எடுக்கணும். 400 இருக்கு, மீதி 30 அப்புறம் வரும்னா நம்பாதீங்க, அந்த டிசைன் திரும்ப ஓடாது.

#7 கிரிப்பர்

பிளேட் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அடிக்கும் டிஜிட்டல் பிரிண்டை யாரும் சொல்லவில்லையே. 430-க்கு ஆஃப்செட் எதற்கு?

#8 டெமி_ஷீட்

சரியான கேள்வி. ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஃப்செட், நாலு கலர், ஒரு பக்கம்: பிளேட் 4 × 250 = 1,000. ஓட்டுக்கூலி 1,500. (500 ஓட்டினாலும் ஆயிரத்துக்கு உண்டான கூலிதான், அதற்குக் கீழே பிரஸ்ஸில் கணக்கே கிடையாது.) தாள் ஷீட் 8 ரூபாய். கலர் சேரும் வரை ஓட்டிக் கழிக்கும் ஷீட் 75.
500 கார்டு: 63 + 75 = 138 ஷீட், 1,104 ரூபாய். மொத்தம் 3,604.
1,000 கார்டு: 125 + 75 = 200 ஷீட், 1,600 ரூபாய். மொத்தம் 4,100.

டிஜிட்டல், 12 × 18 ஷீட்டில் 4 கார்டு, ஷீட் 20 ரூபாய்:
500 கார்டு: 125 ஷீட், 2,500.
1,000 கார்டு: 250 ஷீட், 5,000.

500 கார்டுக்கு நல்ல தாளைவிடக் கழிவுத் தாள் அதிகம், பாருங்கள். இந்த விலைகளில் 775 கார்டில் இரண்டும் சமம். அதற்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். 430-க்கு சந்தேகமே இல்லாமல் டிஜிட்டல் அல்லது ரெடிமேட்.

"ஆயிரமா போட்டா இன்னும் 500 ரூபாதான்" என்று கடையில் சொல்வது இந்தக் கணக்கு வைத்துத்தான். அச்சு மட்டும் பார்த்தால் உண்மை. ஆனால் கவர், மடிப்பு, ஃபாயில் எல்லாம் எண்ணிக்கையோடு ஏறும். தேவையில்லாத 500 கவரை வாங்கிவிட்டுப் பரணில் போடுவதில் என்ன லாபம்?

#9 ஸ்கிரீன்_சட்டம்

டிஜிட்டலை ஒரேயடியா தூக்கி வைக்காதீங்க அண்ணே. டிஜிட்டல்ல இங்க் கிடையாது, டோனர்ங்கிற பொடி தாள் மேல பூசின மாதிரி நிக்கும். மடிப்புக் கார்டுல அடர் மெரூன் அடிச்சு மடிச்சா மடிப்புக் கோட்டுல வெள்ளை வெள்ளையா வெடிக்கும். சொரசொரப்பான தாள்ல பள்ளத்துல டோனர் ஏறாது. தங்கக் கலர்னு டிசைன்ல போட்டா கடுகுக் கலர்ல வரும், ஆஃப்செட் நாலு கலர்லயும் அதே கதிதான்.

#10 டெமி_ஷீட்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. மடிப்பு வெடிப்பது ஆஃப்செட்டிலும் உண்டு. தாளின் நாரோட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் எதுவும் வெடிக்கும். தாளின் கனம் 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) மேல் போனால் மடிப்பதற்கு முன் கிரீசிங் கோடு போட வேண்டும், அதைக் கையால் ஸ்கேல் வைத்து அழுத்துவதாகச் சொன்னால் வேண்டாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் மடிப்பில்லாத ஒற்றை அட்டை எடுங்கள், முன்பக்கம் அழைப்பு, பின்பக்கம் வழி. மடிப்புக் கூலியும் மிச்சம், தபாலிலும் மிச்சம்.

#11 தபால்பெட்டி

தபாலைப் பற்றி வந்ததால் சொல்கிறேன். கடிதத்துக்கு 20 கிராம் வரை 5 ரூபாய், அடுத்த ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு 5. கார்டு வாங்குவதற்கு முன்பே எடையைக் கணக்குப் போடலாம்: நீளம் × அகலம் (அங்குலத்தில்) × ஜிஎஸ்எம் ÷ 1,550 = கிராம்.

8½ × 5½ ஒற்றை அட்டை, 300 ஜிஎஸ்எம்: 9 கிராம். அதற்கான கவரைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 135 சதுர அங்குலம், 100 ஜிஎஸ்எம் தாளில் 8.7 கிராம். சேர்த்து 18 கிராமுக்குள். 5 ரூபாயில் போகும்.

அதே கார்டு மடிப்பு வைத்து, விரித்தால் 8½ × 11, 250 ஜிஎஸ்எம்: 15 கிராம். கவரோடு 24. 10 ரூபாய் ஆகிவிட்டது.

ஒற்றை அட்டையிலும் கவரை 120 ஜிஎஸ்எம் ஆக்கினால் 19.5 வந்துவிடும், மஞ்சள், பசை, ஸ்டிக்கர் சேர்ந்தால் தாண்டும். ஒரு மாதிரியை எல்லாம் ஒட்டி முடித்துத் தபால் நிலையத்தில் எடை போட்டுவிட்டு மீதியை ஒட்டுங்கள். ஒட்டிய தபால் தலை குறைந்தால் குறைந்ததைப் போல இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள், அதுவும் பெறுபவரிடம். கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு அவர் கையிலிருந்து 10 ரூபாய் பிடுங்கின மாதிரி ஆகும்.

முகவரியைக் கையால் எழுத நேரமில்லை என்றால் ஏ4 ஸ்டிக்கர் தாளில் 24 லேபிள் வரும். பட்டியல் எக்செல்லில் இருந்தால் மெயில் மெர்ஜில் ஒரே மூச்சில் அடிக்கலாம். கவரின் மேல் பளபளப்புத் தாள் என்றால் பந்துமுனைப் பேனா வழுக்கும், ஜெல் பேனா காய்வதற்குள் கையில் ஒட்டும். வாங்கும் முன் ஒரு கவரில் எழுதித் தேய்த்துப் பாருங்கள்.

#12 நாலுமூலை

மஞ்சள் தடவுறதைப் பத்தி ஒரு வார்த்தை. கார்டுக்கு மேட் லேமினேஷன் போட்டா தண்ணியில் குழைச்ச மஞ்சள் ஒட்டாது, காய்ஞ்சதும் உதிர்ந்து கவருக்குள்ள தூளாக் கிடக்கும். லேமினேஷன் இல்லாத தாளில் அழகாப் பிடிக்கும், ஆனா தண்ணி அதிகமானா பின்பக்கம் ஊறி எழுத்து மேல ஏறும். கெட்டியாக் குழைச்சு விரல் நுனியில் மூலைக்கு ஒரு தொடு, அவ்வளவுதான். பத்து நிமிஷம் பரப்பிக் காயவிட்டுத்தான் கவருக்குள்ள போடணும். லேமினேஷனை விட்டுட்டா காசும் மிச்சம், மஞ்சளும் நிக்கும்.

நேர்ல வெற்றிலை பாக்கு வச்சு அழைக்கிற பெரியவங்களுக்கு, மஞ்சத் தாளில் குங்குமக் கலர் ஒத்தை அச்சு, பழைய முறைப் பத்திரிகை. 50, 100 அடிச்சா ரொம்பச் சின்னச் செலவு. அதைக் கையில் வாங்குறப்ப அவங்க முகத்துல வர்ற திருப்தி 38 ரூபாக் கார்டுல வராது.

#13 கிரிப்பர்

இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு வாசகம் வருமே. "எங்கள் மகன்", "எங்கள் மகள்" என்று. இரண்டு செலவா?

#14 ஸ்கிரீன்_சட்டம்

ரெண்டு வீடும் ஒரே கார்டை எடுத்தா மொத்த எண்ணிக்கைக்கு விலை பேசலாம், மேட்டர் மட்டும் ரெண்டு செட்டிங். ஒரு கலர்ங்கிறதால செட்டிங்குக்கு ஒரு பிளேட் அல்லது ஒரு ஸ்கிரீன் (மை இறக்குற வலைச் சட்டம்) போதும். அதுவும் வேண்டாம்னா இருவீட்டார் அழைப்பா ஒரே வாசகம் போட்டுடுங்க, ஒரே செட்டிங். டிஜிட்டல்ல இந்தக் கவலையே இல்ல, 4 கார்டு ஷீட்ல 2 அந்த வீடு, 2 இந்த வீடுன்னு வச்சே அடிக்கலாம்.

பெரியவங்க சம்மதம் முதல்ல வாங்கிடுங்க. இருவீட்டார் பத்திரிகையில யார் பேர் முதல்லங்கிறதுல வர்ற சண்டை, மிச்சம் பிடிச்ச காசைவிடப் பெருசு.

#15 ழகரம்

தமிழ் எழுத்து பற்றி. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் மேட்டர் யுனிகோடு. பல கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர், பழைய கோரல்டிரா, அதில் பழைய எழுத்துருக்கள். யுனிகோடை அப்படியே ஒட்டினால் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் ஆபரேட்டர் மொத்தத்தையும் புதிதாகத் தட்டச்சு செய்வார். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் உள்ளே நுழைவது இங்கேதான்.

மாற்றித் தரும் என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி மென்பொருள் இருக்கிறது. கடையில் எந்த எழுத்துரு என்று கேட்டு, அந்தக் குறியாக்கத்துக்கு மாற்றியே கொடுத்துவிட்டால் மறு தட்டச்சு வேண்டாம். மாற்றிய பிறகு ஸ்ரீ, க்ஷ, ஜ, ஔ இந்த நாலையும் கட்டாயம் பாருங்கள், உடைவது இவைதான்.

நீங்களே டிசைன் செய்து தருவதானால் எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் (எழுத்துரு இல்லாமலே தெரியும் வடிவக் கோடுகள்) ஆக்கி பிடிஎஃப்பாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். சின்ன எழுத்தை நாலு கலர் கலந்து போட வேண்டாம். பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழும், ணகரச் சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று இரண்டே கலரில் குங்குமச் சிவப்பு கிடைக்கும், அது போதும்.

#16 தபால்பெட்டி

வழி காட்டும் க்யூஆர் கட்டம் போடுகிறவர்கள் கவனிக்க. இலவசமாகச் செய்து தரும் சில தளங்கள் தங்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடும் டைனமிக் க்யூஆரைத் தருகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் வேலை செய்யாது, பணம் கட்டு என்று வரும். அதற்குள் பத்திரிகை ஊரெல்லாம் போயிருக்கும். மேப் இணைப்பை நேராக உள்ளே வைக்கும் ஸ்டாடிக் க்யூஆர் எடுங்கள். 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், சுற்றி வெள்ளை இடம் விட்டு, வெளிர் பின்னணியில் அடர் நிறத்தில். ஃபாயிலில் வேண்டவே வேண்டாம், வெளிச்சம் பட்டு மினுங்கினால் போன் கேமராவால் படிக்க முடியாது.

#17 ஐப்பசி_முகூர்த்தம்

வாட்ஸ்அப்புக்குத் தனியாக டிசைன் பணம் கேட்கிறார்கள். அச்சடித்த கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் ஆகாதா?

#18 கணக்குப்பிள்ளை

ஆகாது, நிழலும் வளைவும் விழும். டிசைன் கூலி பேசும்போதே "இதே டிசைன் 1080 × 1920 அளவில் ஜேபெக் ஒன்றும் வேண்டும்" என்று சேர்த்துப் பேசுங்கள். பிறகு கேட்டால்தான் தனிக் காசு. போனில் பார்க்கிறவருக்கு நாள், நேரம், மண்டபம், இந்த மூன்றும் பெரிதாகத் தெரிந்தால் போதும், உறவினர் பெயர்ப் பட்டியலெல்லாம் வேண்டாம்.

பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஒரே டிக்கோடு நிற்பவர்களுக்குத் தனியாக அனுப்புங்கள். படத்தை மட்டும் அனுப்பாமல் பெயர் சொல்லி ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் "எங்களைக் கூப்பிடவே இல்லை" என்பார்கள்.

#19 டெமி_ஷீட்

மற்ற அச்சு வேலைகள், சுருக்கமாக.

தாம்பூலப் பை: துணிப் பையில் ஒரு பக்கம், ஒரே கலர் ஸ்கிரீன். மணமக்கள் பெயர் போடுங்கள், தேதி போடாதீர்கள். மிஞ்சிய பை வளைகாப்புக்கும் ஆகும்.

நன்றி அட்டை: கார்டு ஷீட்டில் வெட்டிப் போகும் பட்டையில் அடித்துக்கொள்ளலாம். 9 × 6 தான் வேண்டும் என்று அடம்பிடித்து டபுள் டெமியில் ஓட்டினால் 23-இல் 18½ போக 4½ அங்குலப் பட்டை மிஞ்சும். டிசைனை முன்பே கொடுத்தால் பட்டைக்குத் தனிக் கூலி இருக்காது, வெட்டும் கூலி மட்டும்.

வாசல் போர்டு: மண்டபத்திலேயே பெயர் எழுத்து மாற்றும் போர்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஃப்ளெக்ஸ் எதற்கு? மொய் நோட்டு அச்சடிக்கவே வேண்டாம், கோடு போட்ட நீள நோட்டு போதும்.

நாள் கணக்கு: ஆடிப் பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசியில் காலண்டர், டைரி வேலை ஆரம்பித்துவிடும். புரட்டாசியில் போய் 430 பத்திரிகையைக் கொடுத்தால் யார் மெஷினை நிறுத்தி உங்களுக்கு ஓட்டுவார்கள்? ஐப்பசிக் கல்யாணத்துக்கு ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். அவசரக் கூலி என்ற ஒரு வரி பில்லில் வராது.

#20 ஐப்பசி_முகூர்த்தம்

எல்லோருக்கும் நன்றி. மடிப்பில்லாத அட்டை, டிஜிட்டல், 430 + 30. லேமினேஷன் இல்லை. பெரியவர்களுக்கு மஞ்சத் தாள் 60. மேட்டர் இது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்:

"நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் ஐப்பசி மாதம் (12.11.2026) புதன்கிழமை காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்… திருநிறைச்செல்வன் ____ , திருவளர்ச்செல்வி ____ … வரவேற்பு: 11.11.2026 புதன்கிழமை மாலை 6.30 மணி."

#21 ழகரம்

நல்ல வேளை, இங்கே போட்டீர்கள்.

ஒன்று: விசுவாவசு 2026 ஏப்ரல் 13-ஓடு முடிந்தது. ஏப்ரல் 14 முதல் பராபவ. யாருடைய பழைய பத்திரிகையையோ பார்த்து எழுதியிருக்கிறீர்கள். தையில் கல்யாணம் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும்: 2027 ஜனவரியிலும் பராபவதான், ஆங்கில வருஷம் மாறியதும் தமிழ் வருஷம் மாறாது.

இரண்டு: 12.11.2026 வியாழக்கிழமை. வரவேற்பு வரியில் இருக்கும் புதன் மேலே ஏறிவிட்டது. இந்தத் தப்புதான் ஆளை மண்டபத்துக்கு ஒரு நாள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். வரவேற்பு முதல் நாள் மாலை என்பதால் அதை முகூர்த்தத்துக்கு மேலே போடுங்கள், நாள் வரிசையில் படிக்கட்டும்.

மூன்று: மாதத்துக்குப் பக்கத்தில் தமிழ்த் தேதி விடுபட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் பார்க்கும் பஞ்சாங்கத்திலிருந்து எடுங்கள், போன் செயலியிலிருந்து வேண்டாம். திருவள்ளுவர் ஆண்டு போடுவதானால் 31 கூட்டுங்கள், 2057.

நான்கு: திருவளர்செல்வி, திருநிறைசெல்வன். வினைத்தொகை, நடுவில் 'ச்' வராது. வீட்டில் இன்னும் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைகள் இருந்தால் திருவளர், இவர்தான் கடைசி என்றால் திருநிறை. மாப்பிள்ளைக்குத் தம்பி தங்கை இல்லையே?

#22 ஐப்பசி_முகூர்த்தம்

ஒரு தங்கை இருக்கிறாள், இன்னும் கல்யாணம் ஆகவில்லை!

#23 ழகரம்

அப்படியானால் இருவருக்கும் திருவளர். திருத்திய பிறகு போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். கடையில் ஒரு தாள் அதே அளவில் அடித்துத் தரச் சொல்லி, வீட்டுக்கு எடுத்துப் போய், மேட்டர் எழுதாத ஒருவரிடம் சத்தமாகப் படிக்கக் கொடுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதி, ஒரு நகல் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் பிழை யார் தலையில் என்பதற்கு அதுதான் சாட்சி. கீழே இருக்கும் போன் எண்ணைத் தாளைப் பார்த்து ஒருமுறை டயல் செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.